மாளிகை பேத்திக்கு, பட்டம் யாருக்கு?

மேற்கு லண்டனின் சவுத்தால் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே குர்முகி எழுத்து. ஊருக்குள் வில்லியர்ஸ் என்ற பெயரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ரயில் பாதைக்குத் தெற்கே ஆஸ்டர்லி பார்க் ரோடு. வில்லியர்ஸ் என்பது ஜெர்சி ஏர்ல் என்ற பட்டம் கொண்ட பிரபுக்களின் குடும்பப்பெயர். ஆஸ்டர்லி, நார்வுட் கிரீனைத் தாண்டினால் வரும் அவர்களுடைய பழைய மாளிகை: நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த செங்கல் கட்டடம், ஏரி, பெரிய பூங்கா, அந்தப் பூங்காவை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும் எம்4 நெடுஞ்சாலை. 1949-இல் ஒன்பதாவது ஏர்ல் அதை நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் மாளிகை இந்தக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்ததே ஒரு தகப்பனின் கோபத்தால். ராபர்ட் சைல்ட் பிரபு அல்ல, வங்கிக்காரர். 1782-இல் அவருடைய ஒரே மகள் சாரா ஆன், வெஸ்ட்மோர்லாந்தின் பத்தாவது ஏர்லோடு ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்டார். ஏர்ல் மாப்பிள்ளை வாய்த்ததில் சைல்டுக்குப் பெருமை இல்லை. தான் சேர்த்ததெல்லாம் வெஸ்ட்மோர்லாந்து வம்சத்தில் போய்க் கரைந்துவிடும் என்ற பயம்தான் இருந்தது. அந்தப் பட்டத்துக்கு வாரிசாக வரப்போகும் மூத்த பேரனைத் தாண்டிச் சொத்து போகும்படி உயில் எழுதிவைத்துவிட்டு, அதே வருடம் இறந்துபோனார். மாளிகையும் வங்கியும் 1785-இல் பிறந்த பேத்தி சாரா சோபியாவுக்கு வந்தன. அவர் மணந்த ஜார்ஜ் வில்லியர்ஸ் 1805-இல் ஐந்தாவது ஜெர்சி ஏர்ல் ஆனார். கணவர் கையில் பட்டம். மனைவி கையில் வங்கி. 1867-இல் கண்மூடும்வரை சாரா சோபியாதான் சைல்ட் வங்கியின் மூத்த பங்குதாரர்.

ஒரு வங்கிக்காரரால் உயில் என்ற ஒற்றைக் காகிதத்தைக் கொண்டு மாளிகையைப் பேத்திக்குத் திருப்பிவிட முடிந்தது. எந்த ஏர்லாலும் தன் பட்டத்தை அப்படித் திருப்பிவிட முடியாது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிடித்த பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. 1963-க்குப் பிறகு வேண்டாம் என்று உதறலாம். உதறுபவர் இறந்ததும் அது பழைய பாதையிலேயே அடுத்தவரிடம் போய் நிற்கும். அந்தப் பாதையை வகுத்தது அரச சாசனம். பெரும்பாலான சாசனங்களில் இருப்பது ஒரே வாசகம்தான்: முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகள். ஆக, பரம்பரைப் பட்டம் குடும்பச் சொத்து என்று சொல்வது பாதிக்கு மேல் தவறு. குடும்பம் அதை வைத்திருக்கிறது. அதன் வழியை வைத்திருப்பது அரசு. 2024 செப்டம்பரில் லேபர் அரசு கொண்டுவந்த மசோதா, பிரபுக்கள் சபையில் பரம்பரைப் பிரபுக்களுக்கு 1999-இல் விட்டுவைத்த 92 இடங்களை நீக்குவதற்கானது. அந்த இடங்களுக்காக ஒருவர் வாதாடுவது கடினம்தான். 2016-இல் லிபரல் டெமாக்ரட் பரம்பரைப் பிரபு ஒருவரின் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வேட்பாளர்கள் ஏழு பேர், வாக்காளர்கள் மூன்றே மூன்று பேர். மூன்று வாக்கும் ஒருவருக்கே விழுந்தது. ஆனால் மசோதா நாற்காலியைத்தான் எடுக்கிறது, பட்டத்தைத் தொடவில்லை. மிச்சமிருப்பது வெறும் அலங்காரம், அதைக் குடும்பங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது பொதுவான எண்ணம். நான் அதை ஏற்கவில்லை. இருக்கும் பட்டக்காரர்கள் ஆயுள்வரை வைத்துக்கொள்ளட்டும். அடுத்த வாரிசு யார் என்று சான்று கொடுக்கும் வேலையை அரசு நிறுத்த வேண்டும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஓர் இந்தியக் குடும்பத்தின் வழக்கே போதும்.

இங்கிலாந்தின் பரம்பரைப் பிரபுக்கள் வரிசையில் சேர்க்கப்பட்ட முதல் இந்தியர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. கல்கத்தா வழக்கறிஞர், வைஸ்ராயின் நிர்வாக சபையில் இடம்பெற்ற முதல் இந்தியர், 1915 பம்பாய் காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். 1919-இல் அவரை ராய்ப்பூரின் சின்ஹா பாரனாக்கினார்கள். (பாரன் என்பது இந்த வரிசையின் கடைசிப் படி, தமிழில் எழுதும்போது அது பேரனாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.) இந்தியாவுக்கான துணை அமைச்சராக, அதே ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் நின்று நிறைவேற்றிக்கொடுத்தவரும் அவர்தான். 1928 மார்ச்சில் அவர் இறந்தார். மூத்த மகன் அருண்குமார் சின்ஹா பட்டத்துக்கு உரிமை கோரினார். சபைக்கு அழைப்பு வந்தது 1939-இல். நடுவே பதினொரு வருடம். அப்பாவை வரவேற்ற சபைக்கு மகன்மீது என்ன சந்தேகம்? சந்தேகம் மகன்மீது அல்ல, அம்மா அப்பாவின் கல்யாணத்தின்மீது. பெற்றோர் 1880-இல் இந்து முறைப்படி மணந்தவர்கள். அந்தக் காலத்து வங்காளத்தில் இந்துத் திருமணங்களைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் இல்லை, பிறப்புச் சான்றிதழும் அரிது. அதைவிடப் பெரிய முடிச்சு வேறு. இந்து ஆண் அன்று சட்டப்படி இன்னொரு மனைவியை மணக்கலாம். சின்ஹா மணக்கவில்லை, ஆனால் மணந்திருக்கலாம் அல்லவா? மணந்திருந்தால், முதல் மனைவியின் மகனைவிட இரண்டாம் மனைவியின் மகன் வயதில் மூத்தவனாக இருந்தால், ஆங்கிலப் பட்டம் யாரிடம் போகும்?

நடக்காத இரண்டாம் கல்யாணத்தைப் பற்றிய இந்தக் கேள்விக்கு, பிரபுக்கள் சபையின் உரிமைகள் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. சின்ஹா தம்பதி பிற்பாடு சாதாரண் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்தார்கள். அந்தச் சமாஜத்தில் ஒருவனுக்கு ஒருத்திதான். அருண்குமார் பிறந்தது 1887-இல், அதாவது அவர்கள் சேர்ந்த பிறகு. ஆகவே பலதார மணமாக இருந்திருக்கக்கூடியது, பிள்ளை பிறப்பதற்குள் ஏகதார மணமாக மாறிவிட்டது. பிள்ளை பட்டத்துக்குத் தகுதியானவர். லார்டு சான்ஸலர் மாம் தந்த தீர்ப்பின் சாரம் இதுதான். இந்து மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உண்டு என்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை. பட்டம் என்று வந்தபோதுதான் கதவில் இன்னொரு பூட்டு இருந்தது. தாய் தந்தை யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லாத ஒரு மனிதர், அவர்கள் எந்த வருடம் எந்தச் சமாஜத்தில் உறுப்பினரானார்கள் என்பதால் பிரபு ஆனார். தம்பதி சமாஜத்தில் சேர்வதற்கு முன்பே அவர் பிறந்திருந்தால்? அதே ரத்தம், அதே அம்மா, அதே அப்பா. ஆனால் வழக்கு வேறு வழக்காகியிருக்கும். பிறப்பால் வருவது என்று சொல்லப்படும் பட்டம், உண்மையில் எந்தப் பிறப்பு செல்லும் என்று அதிகாரம் போடும் முத்திரையால் வருகிறது. பிறப்பு அந்த முத்திரைக்குச் சாக்கு, அவ்வளவே.

இதே 1928-இல் இன்னொரு வாரிசுரிமையும் திறந்தது, இந்த முறை தமிழ்நாட்டில். சின்ஹா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பாரிஸில் இறந்தார். லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் அவரை எரியூட்டினார்கள். 1915-இல் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை அவர் மணந்திருந்தார். மறு வருடம் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர். பிரிட்டிஷ் அரசு மாலியை ராணியாக ஏற்க மறுத்தது, மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. ராஜா கடைசியில் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு ஊரைவிட்டே விலகி வாழ்ந்தார். அவருக்குப் பிறகு அரியணையில் உட்கார வைக்கப்பட்டது ஆறு வயதுப் பையன் ராஜகோபாலத் தொண்டைமான், அதே குடும்பத்தின் வேறு கிளை. சமஸ்தானத்து அரியணையும் இங்கிலாந்துப் பாரன் பட்டமும் ஒன்றல்ல என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சரிதான், இரண்டுக்கும் சட்டம் வேறு. நான் இரண்டையும் பக்கத்தில் வைப்பது சட்டத்துக்காக அல்ல, வழக்கத்துக்காக. வங்காளியின் மகனிடம் உன் அம்மாவின் கல்யாணம் போதுமான அளவுக்கு எங்கள் கல்யாணத்தைப் போல இருந்ததா என்று கேட்டது லண்டன். புதுக்கோட்டை மகனின் விஷயத்தில் அம்மா வெள்ளைக்காரி என்பதே குறையாகிப்போனது. ஒரே சாம்ராஜ்யம், ஒரே வருடம். ஒருவருக்கு அந்நியம் அதிகம், இன்னொருவருக்கு நெருக்கம் அதிகம்.

ஆனால் லண்டனுக்கு மகளையும் தத்துப்பிள்ளையையும் வாரிசாகப் பார்க்கத் தெரியாமல் இல்லை. சிவகங்கை ஜமீன் வழக்கு தலைமுறை தாண்டி இழுத்து, 1863-இல் லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலில் முடிந்தது. கௌரி வல்லபத் தேவருக்கு ஆண் வாரிசு இல்லை. அண்ணன் வழி ஆண்கள் ஒருபுறம், மகள் காத்தம நாச்சியார் மறுபுறம். ஜமீன் அவர் தானே ஈட்டியது, ஆகவே மகளுக்குச் சேரும் என்று டவுனிங் தெருவில் உட்கார்ந்த நீதிபதிகள் தீர்ப்பெழுதினார்கள். ஐந்து வருடம் கழித்து, 1868-இல், ராமநாதபுரம். ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவரின் முன் அனுமதி இல்லாமல் உறவினர் சம்மதத்தோடு தத்தெடுத்த முத்துராமலிங்க சேதுபதியின் உரிமையை மதுரை கலெக்டர் எதிர்த்தார். தத்து செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்கு. தென்னாட்டு வழக்கப்படி அந்தத் தத்து செல்லும் என்று அதே நீதிபதி சபை சொன்னது. எழுதிய சாஸ்திரத்தைவிட நிரூபணமான வழக்கத்துக்கு எடை அதிகம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை இந்தியச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அப்போது இங்கிலாந்தில் தத்தெடுப்பு என்பதற்கே சட்டம் இல்லை. அது 1926-இல்தான் வந்தது. ஜமீன் சொத்து, பட்டம் சொத்தல்ல என்ற வேறுபாட்டை இங்கேயும் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் அளந்தது இந்துச் சட்டத்தை, ஆங்கிலச் சட்டத்தை அல்ல. என்றாலும் சிவகங்கைச் சீமையை மகளுக்கும் சேது சீமையைத் தத்துப்பிள்ளைக்கும் தரலாம் என்று கண்ட நகரத்தில், நூற்றைம்பது வருடம் கழித்தும் ஒரு பாரனின் மகள் வெறும் பார்வையாளர்.

இது பழைய மரபு, சட்டம் இதைத் தொடாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறது என்று சொல்பவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. குடும்பம் என்றால் என்ன என்பதை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மாற்றிய ஒவ்வொரு முறையும், பட்டத்தை மட்டும் கையால் எடுத்து ஓரமாக வைத்திருக்கிறது. பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால் முன்பு பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே என்றது 1926-இன் சட்டம். பட்டத்துக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். 2002-இன் தத்தெடுப்புச் சட்டம் தத்துப்பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகவே நடத்து என்கிறது, பட்டத்துக்கு விலக்கு. 2004-இன் பாலின அங்கீகாரச் சட்டம் பாலினம் மாறியவரின் புதிய பாலினத்தைப் பொதுவாக ஏற்கிறது. பதினாறாவது பிரிவு, பட்டத்தின் வழி மாறாது என்கிறது. செயற்கைக் கருத்தரிப்புக் குழந்தைகளுக்கான 2008 சட்டத்திலும் அதே விலக்கு. 2013-இல் அரச குடும்பத்திலேயே மகளும் மகனும் சமம் என்று ஆக்கினார்கள், 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு. மணிமுடிக்கு வந்த அந்தச் சமத்துவம் பிரபுக்களின் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. இத்தனை முறை கவனமாக வேலி கட்டப்பட்ட இடத்தை யாரும் தொடாத காடு என்று எப்படிச் சொல்வது? வேலிக்குள் ஒரு பதிவேடும் இருக்கிறது. 2004-இல் அரச ஆணையால் பிரபுக்கள் பட்டியல் ஏற்படுத்தப்பட்டது. லார்டு சான்ஸலர் பொறுப்பில் அரசு ஊழியர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். அதில் பெயர் ஏறாதவரை எந்த அரசு ஆவணத்திலும் பிரபு என்று குறிப்பிடக் கூடாது. சான்றிதழ்களைக் காட்டி, ஆணாக, முறைப்படி, ரத்த வாரிசாகப் பிறந்ததை நிரூபித்தால் பெயர் ஏறும். மற்ற எந்த அலுவலகமும் இன்று இப்படி ஒரு விண்ணப்பப் படிவத்தை வைத்திருந்தால் மறுநாளே நீதிமன்றத்தில் நிற்கும்.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. குறை ஆண் வாரிசு விதியில்தானே, அதைத் திருத்தினால் போதாதா? லார்டு லூகாஸ் 2013-இல் பிரபுக்கள் சபையில் இதற்காகவே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசு மனம் வைத்தால் வழி இருக்கிறது என்பதற்கு உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. மகள்களுக்குப் போகும்படியே அவருடைய ஏர்ல் சாசனம் எழுதப்பட்டது. 1979-இல் அவர் கொல்லப்பட்டபோது மூத்த மகள் பட்டத்துக்கு வந்தார். இந்தியாவைப் பிரித்துக் கொடுத்தவருக்குச் சாசனம் வளைந்தது; மற்றவர்களில் பெரும்பாலோரின் மகள்களுக்கு வளையவில்லை. மகளுக்கும் உரிமை என்பது இன்றைய நிலையைவிட மேல், அதை எதிர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அதோடு நிறுத்தினால், மகளை உள்ளே விட்ட அதே கதவு தத்துப்பிள்ளையையும், கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளையையும் வெளியே நிறுத்தும். தத்துப்பிள்ளைகளுக்கு 2004-இல் ஒரு சலுகை வந்தது: பிரபுவின் பிள்ளை என்ற மரியாதை அடைமொழியைப் போட்டுக்கொள்ளலாம், பட்டம் மட்டும் வராது. கல்யாணப் பந்தியில் உட்காரலாம், இலை போட மாட்டோம் என்பதைப் போல. ஒவ்வொரு திருத்தமும், எந்தப் பிள்ளை சரியான பிள்ளை என்று பார்க்கும் வேலையை அரசின் கையிலேயே விட்டுவைக்கிறது. என் ஆட்சேபம் அந்த வேலைக்குத்தான்.

அலங்காரப் பெயர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பது அடுத்த மறுப்பு. அலங்காரம் என்றால் அரசு ஏன் காவல் காக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கலாம். சான்று கொடுப்பதை நிறுத்தினால் ஒரே பட்டத்துக்கு இரண்டு பேர் கிளம்புவார்களே என்றும் கேட்பார்கள். கிளம்பட்டும். ஒரே தெருவில் இரண்டு கடைகளில் 'பரம்பரை வைத்தியர்' போர்டு தொங்குகிறது. எந்தப் பரம்பரை அசல் என்று சர்க்கார் வந்தா தீர்த்துவைக்கிறது? இந்தியா இதைச் செய்து பார்த்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்றது. 1971-இல் வந்த 26-ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை நிறுத்தியதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மன்னர் என்ற அங்கீகாரத்தையும் அது திரும்ப எடுத்துக்கொண்டது. புதுக்கோட்டை அரண்மனை இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். பட்டா மாற்றவும் மனுக் கொடுக்கவும் ஜனங்கள் அந்தப் படியேறுகிறார்கள். ஊர் வாயில் ராஜா இன்னும் ராஜாதான். அதை எந்தத் திருத்தமும் தடுக்கவில்லை, தடுக்கவும் வேண்டாம். அடுத்த ராஜா யார் என்று எந்த அதிகாரியும் கோப்பு எழுதுவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

உறவை அரசிடம் நிரூபிப்பது என்றால் என்ன என்பதை சவுத்தாலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹீத்ரோவில் இறங்கி இந்த ஊரில் குடியேறிய தலைமுறைக்கு, கிராமத்துக் கல்யாணத்துக்குப் பதிவுச் சான்று எங்கே, இது உன் பிள்ளைதான் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்ற கேள்விகள் பழக்கம். பிரிட்டனில் டி.என்.ஏ. சோதனை முதன்முதலில் தீர்த்துவைத்தது கொலை வழக்கை அல்ல. 1985-இல் கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன் தன் தாயின் பிள்ளைதான் என்று குடிவரவு அதிகாரிகளுக்கு நிரூபிக்கவே, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரீஸ் அதைச் செய்தார். அந்தச் சோதனை பிற்பாடு பட்டக்காரர்களின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1683-இல் இரண்டாம் சார்லஸ் தந்த ஸ்டிச்சில் பாரனட் பட்டம் (பிரபு வரிசைக்கு ஒரு படி கீழே) கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாகத் தவறான கிளையில் இருந்தது என்று 2016-இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. எட்டாவது பாரனட்டின் மூத்த மகன் அவருக்குப் பிறந்தவர் அல்ல என்று டி.என்.ஏ. சொல்லிவிட்டது. பட்டம் இரண்டாவது மகனின் வழிக்கு மாறியது. பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு பெண்ணின் அந்தரங்கம், பட்டத்தின் பொருட்டு நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் முன் விரிக்கப்பட்டது. சிறுவனுக்கு அந்தச் சோதனையால் தாயோடு வாழும் உரிமை கிடைத்தது. இந்த வழக்கில் கிடைத்தது பெயருக்கு முன்னால் ஒரு 'சர்'.

2024 மசோதாவின் இரண்டாவது பிரிவை அதிகம் பேர் கவனிக்கவில்லை. பரம்பரைப் பட்டங்களின் உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரத்தை அது பிரபுக்கள் சபையிடமிருந்து எடுக்கிறது. சின்ஹாவின் மகன் பதினொரு வருடம் காத்திருந்த அந்த வாசல் மூடப்படும். சிக்கலான வழக்குகள் இனிப் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. வேலையை நிறுத்த ஒரு வாய்ப்பு வந்தது. அலுவலகத்தை மட்டும் மாற்றினார்கள். அந்தக் குழு இப்போது டவுனிங் தெருவில் இல்லை. நாடாளுமன்றச் சதுக்கத்தில், பழைய மிடில்செக்ஸ் கில்டுஹாலில் உட்காருகிறது. 1965 வரை சவுத்தாலும் அந்த மிடில்செக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். நாளைக்கு ஒரு ஏர்லின் மகள் அந்தக் கட்டடத்தில் வழக்குக்கு வந்து நின்றால், சிவகங்கை மகளுக்குச் சாதகமாக இதே நீதிமன்றம் சொன்ன 1863-ஆம் வருடத் தீர்ப்பு அங்கே அலமாரியில் இருக்கும். அவளுடைய வழக்கறிஞரால் அதை எடுத்து வாசிக்க முடியாது. சாசனத்தில் ஆண் என்று இருக்கிறது.